தொடக்ககால ராப் தொகுப்புகளில் சிரிப்புப் பாட்டுகள்
(நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம்)



ராப் இசை என்றதும் நம் கூட்டங்களில் முதலில் பேசப்படுவது கோபம். தெருவின் குரல், போலீசை எதிர்த்த குரல், நிறவெறிக்கு எதிரான குரல் என்று அதைப் பற்றி எழுதுகிறோம், மேடைகளில் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் 1979 தொடங்கி 1980களின் இறுதிவரை வந்த தட்டுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டால், கோபத்துக்கு முன்னால் காதில் விழுவது சிரிப்புதான். நண்பன் வீட்டில் சாப்பிட முடியாத சாப்பாடு, கட்ட முடியாத தொலைபேசிக் கட்டணம், பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப் போக வெட்கப்படும்படி அம்மா எடுத்துக் கொடுத்த சட்டை, மூக்கு நோண்டுகிற பழக்கம். இவைதான் பாடுபொருள். இந்தப் பாட்டுகளை என்ன செய்வது என்பது பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். வேறொரு கண்டத்துப் பாட்டுகளுக்கு இந்த மேடையில் ஏன் இவ்வளவு நேரம் என்று சிலருக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. பின்னால் வருகிறோம்.

முதலில் ஒரு செய்தி. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம், அந்த நாட்டின் முக்கியமான ஒலிப்பதிவுகளுக்கு ஒரு தேசியப் பட்டியலைப் பராமரிக்கிறது. 2002ஆம் ஆண்டுக்கான முதல் பட்டியலில் 50 பதிவுகள். அவற்றில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் அண்ட் தி ஃபியூரியஸ் ஃபைவ் குழுவின் ‘தி மெசேஜ்’ இருந்தது. அது 1982இல் வந்த பாட்டு. இடிந்த வீடுகளையும் கடனையும் சிறைச் சாவையும் பேசுவது. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1979இல், ராப் என்ற ஒன்று இருப்பதை நியூயார்க்குக்கு வெளியே சொன்ன பாட்டு ஷுகர்ஹில் கேங்கின் ‘ராப்பர்ஸ் டிலைட்’. அது 2011ஆம் ஆண்டுப் பட்டியலில்தான் சேர்ந்தது. இடையில் ஒன்பது ஆண்டுகள். முதலாவது பாட்டு துன்பத்தைச் சொல்கிறது, இரண்டாவது சிரிக்க வைக்கிறது. துன்பத்தைச் சொன்னால்தான் அது ஒடுக்கப்பட்டவர் கலை என்று ஒத்துக்கொள்ளும் பழக்கம் அரசு நூலகத்துக்கும் இருக்கிறது, நம்மைப் போன்ற இயக்கத்தாருக்கும் இருக்கிறது. இத்தனைக்கும் ‘தி மெசேஜ்’ பாட்டிலேயே பல்லவியில் மெல்லி மெல் ஒரு சிரிப்புச் சிரிக்கிறார். கேட்டவர்களுக்குத் தெரியும். வேடிக்கைக்கும் விரக்திக்கும் நடுவில் நிற்கிற சிரிப்பு அது. அந்தச் சிரிப்பை நீக்கிவிட்டால் பாட்டு பாதியாகிவிடும்.

கதை தொடங்கிய இடத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1973 ஆகஸ்ட் 11, பிராங்ஸ் பகுதியில் செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடம். ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தைச் சேர்ந்த சிண்டி கேம்பெல் என்ற பெண், பள்ளி திறக்கும் நேரத்தில் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க ஒரு விருந்து நடத்துகிறார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டு ஓட்டியவர் அவருடைய அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க். ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகமே கொண்டாடுகிற நாள் இது. அதற்குப் பின்னால் இருந்தது பள்ளிக்கூடத்துக்கு நல்ல துணி போட்டுப் போக வேண்டும் என்ற ஆசை. பதினைந்து ஆண்டு கழித்து, 1988இல், டிஜே ஜாஸி ஜெஃப்பும் ஃபிரெஷ் பிரின்ஸும் (இன்று நாம் நடிகராக அறிந்திருக்கும் வில் ஸ்மித்) பாடிய ‘பேரன்ட்ஸ் ஜஸ்ட் டோன்ட் அண்டர்ஸ்டாண்ட்’ பாட்டில் அதே துணி விவகாரம் முழுநீள நகைச்சுவையாகிறது. அம்மாவோடு கடைக்குப் போய் காலாவதியான பாணியில் உடுப்பு வாங்கி, வகுப்பே சிரிக்கிறது. 1989இல் கிராமி விருதுகளில் முதன்முதலாக ராப்புக்கென ஒரு பிரிவு ஏற்படுத்தப்பட்டபோது பரிசு வாங்கியது இந்தப் பாட்டுதான். அந்தப் பரிசளிப்பைத் தொலைக்காட்சியில் காட்டப் போவதில்லை என்று தெரிந்ததும் பரிசுபெற்ற இருவரும் விழாவைப் புறக்கணித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வேடிக்கைப் பாட்டுக்காரர்கள் எதையும் பொறுத்துப் போவார்கள் என்ற எதிர்பார்ப்பு அங்கே பலிக்கவில்லை.

விருந்துகளில் ஒலிவாங்கி பிடித்தவர்களின் வேலை என்ன? கூட்டத்தைக் கலையாமல் வைத்திருப்பது. வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள், கிண்டல் செய்வார்கள், தம்மைப் பற்றிப் பெருமை அடிப்பார்கள். பாட்டு அந்தப் பேச்சிலிருந்து வளர்ந்தது. 1979க்கு முன்னால் இவை கையிலிருந்து கைக்குப் போன கேசட்டுகளில்தான் இருந்தன. அந்தக் கேசட்டுகளில் கூட்டத்தின் சிரிப்பும் கூச்சலும் பாட்டோடு சேர்ந்தே பதிவானது. ஸ்டூடியோ வந்ததும் அது போயிற்று. போனது தெரிந்துதான், குர்டிஸ் புளோவின் தட்டுகளில் ஸ்டூடியோவுக்குள் ஆட்களை நிறுத்திக் கூச்சல் போட வைத்துச் சேர்த்தார்கள். கேட்பவர் இல்லாமல் கேலிக்குப் பொருள் கிடையாது என்பது பதிவு செய்தவர்களுக்கே புரிந்திருந்தது.

அடுத்து தொகுப்பு. தொடக்ககால ராப் தனித்தட்டுகளாகத்தான் வந்தது, பெரும்பாலும் 12 அங்குலத் தட்டு. ஊர் ஊராக அவற்றைத் தேடி வாங்க யாரால் முடியும்? அதனால் ஷுகர் ஹில் நிறுவனமே தன் தட்டுகளைச் சேர்த்துத் தொகுப்பு போட்டது. 1983 முதல் இங்கிலாந்தில் மார்கன் கான் நடத்திய ஸ்டிரீட் சவுண்ட்ஸ் நிறுவனம் ‘எலெக்ட்ரோ’ வரிசையை வெளியிட்டது. வானொலியில் ராப்புக்கு இடம் வாங்கிக் கொடுத்த மிஸ்டர் மேஜிக்கின் பெயரில் 1985இல் புரொஃபைல் நிறுவனம் ‘ராப் அட்டாக்’ வெளியிட்டது. கலிஃபோர்னியாவில் பிரையாரிட்டி ரெக்கார்ட்ஸ், பிறகு 1990களில் ரைனோ. ரைனோ பற்றி ஒரு தகவல்: அந்த நிறுவனத்தின் தொடக்கமே கிறுக்குப் பாட்டு, விகடப் பாட்டுத் தட்டுகளில்தான். பிரையாரிட்டியின் கதை இன்னும் ருசியானது. தொலைக்காட்சியில் விளம்பரம் செய்து தொகுப்புத்தட்டு விற்கும் கே-டெல் நிறுவனத்திலிருந்து வந்தவர்கள் தொடங்கிய நிறுவனம் அது. அதற்கு முதலில் பெரும் பணம் ஈட்டித் தந்தது, உலர்திராட்சை விளம்பரத்துக்காகச் செய்த களிமண் பொம்மைகள் பாடுவதாக வந்த ‘கலிஃபோர்னியா ரெய்சின்ஸ்’ தட்டு. அடுத்த ஆண்டு, 1988இல், அதே பிரையாரிட்டிதான் என்.டபிள்யூ.ஏ. குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ தட்டைக் கடைகளுக்குக் கொண்டுபோனது. போலீசை எதிர்த்து எழுந்த மிகக் கடுமையான ராப் தட்டு, பாடும் திராட்சையின் லாபத்தில் பயணம் போனது. கலை வரலாற்றைத் தூய பாதையாக வரைகிறவர்கள் இதை வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இப்போது ‘ராப்பர்ஸ் டிலைட்’ பாட்டுக்குள் போவோம். பதினான்கரை நிமிடப் பாட்டு. அமெரிக்காவின் பொதுத் தரவரிசையில் 36ஆம் இடம்வரை போனது. இதில் எல்லோருக்கும் மனப்பாடமான பகுதி, ஒண்டர் மைக் பாடும் நண்பன் வீட்டு விருந்து. சாப்பாடு வாயில் வைக்க முடியவில்லை. மரியாதைக்காக எழுந்துபோக முடியவில்லை. பொய் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார், விருந்தோம்பல் விடுவதில்லை. கடைசியில் மருந்துக் கடைக்கு வயிற்றுப்போக்கு மருந்து வாங்க ஓட வேண்டியதாகிறது. ஏழை வீட்டுக்கு ஏழை விருந்தாளியாகப் போனவர்களுக்கு இந்தச் சங்கடம் நன்றாகத் தெரியும். சாப்பாட்டைக் குறை சொன்னால் வீட்டின் வறுமையைக் குறை சொன்னதாகிவிடும். அதனால் வாய் மூடுகிறது. பாட்டு அந்த வாயைத் திறக்கிறது. சமூகவியல் நூல் ஒன்றில் ‘வறுமையும் விருந்தோம்பல் நெறியும்’ என்று 40 பக்கத்துக்கு எழுதுகிற பொருளை ஒருவர் ஒரே மூச்சில், தாளத்தோடு சொல்லிவிட்டுப் போகிறார்.

இந்தப் பாட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு, ஆனால் அது சிரிக்கக் கூடியதில்லை. பிக் பேங்க் ஹேங்க் நியூஜெர்சியில் ஒரு பீட்சா கடையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, ஷுகர் ஹில் நிறுவனர் சில்வியா ராபின்சன் கண்ணில் பட்டார். பாடத் தனக்கென்று வரிகள் இல்லை. பிராங்ஸின் பெயர்பெற்ற பாடகர் கிராண்ட்மாஸ்டர் காஸின் வரிகளை அப்படியே பாடினார். எவ்வளவு அப்படியே என்றால், காஸ் தன் மேடைப்பெயரான ‘காஸனோவா’வை எழுத்துக் கூட்டிச் சொல்கிற வரியையும் மாற்றவில்லை. தட்டு லட்சக்கணக்கில் விற்றது. அதில் உரியவரின் பெயர் எழுத்தெழுத்தாக ஒலிக்கிறது. காஸுக்குப் பெயரும் கிடைக்கவில்லை, காசும் வரவில்லை. பெயர் போடாமல் நம் ஆட்டக்காரர்களின் மெட்டையும் அடியையும் எடுத்துக்கொண்டவர்களைப் பார்த்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தக் கேலிக்கு வேர் எங்கே? கறுப்பின மக்களிடையே ‘டஜன்ஸ்’ என்று ஓர் ஏச்சு விளையாட்டு உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, பெரும்பாலும் ஒருவர் தாயை மற்றவர் இழுத்து, மாறி மாறி ஏசுவார்கள். சுற்றி நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். ஜான் டொலார்ட் என்ற ஆய்வாளர் 1939இல் இதைப் பற்றி எழுதினார். வெள்ளையர்மேல் காட்ட முடியாத ஆத்திரத்தைத் தமக்குள்ளேயே தீர்த்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய விளக்கம். மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1972இல் வெளியிட்ட நூலில் ஹார்லெம் இளைஞர்களின் பேச்சைப் பதிவுசெய்து வேறு ஒன்றைக் காட்டினார். அந்த விளையாட்டுக்கு விதி இருக்கிறது. சொல்லும் ஏச்சு அப்பட்டமான பொய் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உன் அம்மா அவ்வளவு பருமன், இவ்வளவு கிழவி என்று வானளாவ அளக்கலாம். உண்மைக்குப் பக்கத்தில் போய்விட்டால் கேட்டவன் மறுக்கத் தொடங்குவான். மறுத்த நொடியில் ஆட்டம் முடிந்து சண்டை தொடங்கும். ஆகவே நல்ல ஆட்டக்காரன், எதிராளியின் உண்மையான புண் எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைத் தொடாமல் சுற்றி வருபவன். டொலார்டின் விளக்கத்தில் இவர்கள் நோயாளிகள். லபோவின் விளக்கத்தில் கலைஞர்கள். நாம் லபோவ் பக்கம்.

இந்த விதி தெரிந்தால் 1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்ட் அரங்கில் நடந்தது விளங்கும். பிஸி பீ என்பவர் கூட்டத்தைக் கலகலப்பாக்குவதில் மன்னர். அவருக்குப் பின் மேடையேறிய கூல் மோ டீ, பிஸி பீயின் பழைய உத்திகளை ஒவ்வொன்றாக எடுத்து, சொந்தமாக வரி எழுதத் தெரியாதவர் என்று பிய்த்துப் போட்டார். கூட்டம் அதிர்ந்தது. ராப்பில் விருந்து வேடிக்கை முடிந்து சொல்லாற்றல் தொடங்கிய நாள் என்று இதைச் சொல்வார்கள். அந்த முடிவுரையை நாம் முழுதாக ஏற்க வேண்டியதில்லை. மோ டீ செய்ததும் கேலிதான். இந்தத் தடவை அது உண்மையைத் தொட்டது, அதனால் வலித்தது.

சிரிப்புக்கு இன்னொரு முகம் உண்டு. அதைப் பேசாமல் போனால் கறுப்பின மக்களின் வரலாற்றை நாம் படிக்கவில்லை என்று பொருள். 1830களில் தாமஸ் டார்ட்மத் ரைஸ் என்ற வெள்ளையின நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, ‘ஜிம் குரோ’ என்ற கறுப்பராக நொண்டி ஆடிப் பாடினார். வெள்ளையர் அரங்குகள் சிரித்துக் குலுங்கின. பின்னாளில் தென்மாநிலங்களின் இனப்பிரிப்புச் சட்டங்கள் அனைத்துக்கும் சேர்த்து வழங்கிய பெயர் ஜிம் குரோ. ஒரு சிரிப்புப் பாட்டின் பெயர் சட்டத்தின் பெயராயிற்று. அதனால்தான் கறுப்பின அறிவாளர் பலருக்குச் சிரிப்புப் பாட்டு என்றாலே கூச்சம். ‘எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்களா, எங்களோடு சிரிக்கிறார்களா’ என்ற கேள்வி அவர்களுக்குத் தலைமுறைகளின் அனுபவம்.

இந்த இரண்டு முகமும் ஒரே ஆளிடம் இருந்ததற்குப் பிக்மீட் மார்க்கம் சாட்சி. 1904இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பின நகைச்சுவை நடிகர். கறுப்பரான இவரும் முகத்தில் கரி பூசித்தான் பல ஆண்டுகள் மேடையேறினார். அன்றைய தொழில் வழக்கம் அப்படி. அவருடைய புகழ்பெற்ற வேடம் ஒரு கோமாளி நீதிபதி. 1968இல் செஸ் நிறுவனம் ‘ஹியர் கம்ஸ் தி ஜட்ஜ்’ என்று அதைத் தாளத்தோடு பேசும் பாட்டாக வெளியிட்டது. ராப்புக்குப் பதினோரு ஆண்டு முன்னோடி என்று பலர் இதைச் சொல்கிறார்கள். கறுப்பர்கள் நீதிமன்றத்தைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து மட்டுமே பார்க்க முடிந்த காலத்தில், நீதிபதி ஆசனத்தில் கறுப்புக் கோமாளி உட்கார்ந்து கட்டளையிடுகிறார். கறுப்பின அரங்கில் கேட்டால் இது நீதிமன்றத்தைப் பற்றிய கேலி. தொலைக்காட்சியில் வெள்ளையர் வீட்டுக்கூடத்தில் கேட்டால் கறுப்பர் நீதிபதியானால் இப்படித்தான் இருக்கும் என்ற கேலி. பாட்டு மாறவில்லை. கேட்கிற இடம் மாறியது.

குர்டிஸ் புளோவுக்கு வருவோம். 1979 இறுதியில் மெர்க்குரி என்ற பெரிய நிறுவனம் அவருடைய ‘கிறிஸ்துமஸ் ராப்பின்’ பாட்டை வெளியிட்டது. அமெரிக்கக் குழந்தைகள் மனப்பாடம் செய்கிற கிறிஸ்துமஸ் கவிதையின் பகடி அது. இசை வணிக இதழான ‘பில்போர்ட்’டில் வேலை பார்த்த ராபர்ட் ஃபோர்டு, ஜே.பி. மூர் இருவரும் தயாரித்தார்கள். அடுத்த ஆண்டு ‘தி பிரேக்ஸ்’. ‘பிரேக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உடைவு, இடைவேளை, வாய்ப்பு, துரதிர்ஷ்டம் என்று பல பொருள். உச்சரிப்பில் வண்டியின் தடையும் அதுவே. பாட்டில் மேளம் மட்டும் ஒலிக்கும் பகுதிக்கும், ஆடுபவர்கள் காத்திருந்து களமிறங்கும் அந்தப் பகுதிக்கும், ‘பிரேக்’ என்றுதான் பெயர். இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் போட்டுக் குலுக்கி, வருமான வரிக்காரர் தொல்லை, தலைக்கு மேல் போன தொலைபேசிக் கட்டணம், கந்துக் கடன், விட்டுப்போன காதலி என்று துயரப் பட்டியலை அடுக்குகிறார். ஒவ்வொரு துயரத்துக்கும் கூட்டம் ‘அதுதான் தலையெழுத்து’ என்கிற தொனியில் பதில் கொடுக்கிறது. உடனே மேளம் வருகிறது, எல்லோரும் ஆடுகிறார்கள். துரதிர்ஷ்டத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே பெயர். தங்கச் சான்று பெற்ற முதல் ராப் பாட்டு இது. ‘தி மெசேஜ்’ இரண்டு ஆண்டு கழித்துச் சொன்னதில் கணிசமான பகுதி இதில் ஏற்கனவே இருக்கிறது.

வெள்ளையரின் இசை உலகம் ராப்பை எப்படி எடுத்துக்கொண்டது? விகடமாக. 1981இல் பிளாண்டி குழுவின் ‘ராப்ச்சர்’ அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. ராப் பகுதி கொண்ட பாட்டு முதலிடம் பிடித்தது அதுவே முதல் முறை. அந்த ராப் பகுதி, கண்ணில் கண்டதையெல்லாம் விழுங்கும் செவ்வாய்க்கிரக ஆள் பற்றிய விளையாட்டு. நகைச்சுவை நடிகர் ரோட்னி டேஞ்சர்ஃபீல்டு 1983இல் ‘ராப்பின் ராட்னி’ என்று ஒரு தட்டு போட்டார். கறுப்பர் இசையில் வெள்ளையர் பேசினாலே சிரிப்பு என்ற கணக்கு. இதற்கு மேல் இவற்றுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் பிந்தைய தொகுப்புகளில் இவையும் கறுப்பர்களின் கேலிப் பாட்டுகளும் ‘விநோதப் பாட்டு’ என்ற ஒரே அலமாரிக்குள் போய்விட்டன. அதுதான் சிக்கல்.

ஃபேட் பாய்ஸ் விஷயத்தில் சிக்கல் உடம்பிலேயே இருந்தது. புரூக்ளினைச் சேர்ந்த மூன்று பருமனான பையன்கள். டிஸ்கோ 3 என்ற பெயரில் 1983இல் ஒரு திறமைப் போட்டியில் வென்றார்கள். பின்னர் அவர்களுடைய பருமனே பெயராயிற்று. அவர்களில் டேரன் ராபின்சன் வாயாலேயே மேளம் வாசிப்பவர். காசு கொடுத்து மேளப் பொறி வாங்க முடியாத தெருக்களின் கண்டுபிடிப்பு இந்த வாய்த்தாளம். மூச்சும் எச்சிலும் உதடும் சேர்ந்து எழுப்பும் அந்த ஒலியே சிரிக்க வைக்கும், அதேசமயம் அதிசயிக்கவும் வைக்கும். 1984இல் வந்த முதல் தொகுதியில் சிறையைப் பற்றி ஒரு பாட்டு. பசி தாங்காமல் சாப்பாட்டுக்காகத் தப்பு செய்து உள்ளே போன கதை. ஊரே சிரித்தது. பசியால் திருடிச் சிறைக்குப் போவது அந்தப் பகுதியில் விகடமா? பருமனான பையன்கள் பாடியதால் பசி என்ற சொல் தீனி என்று கேட்டது. திரைப்படங்கள் வந்தன. 1987இல் பீச் பாய்ஸ் குழுவோடு சேர்ந்து பாடிய பாட்டு பெருவெற்றி. தின்னும் கோமாளிகள் என்ற வேடத்திலிருந்து அவர்களை யாரும் வெளியே விடவில்லை. டேரன் ராபின்சன் 1995இல் 28 வயதில் மாரடைப்பால் இறந்தார். வாய்த்தாளக் கலைக்கு அவர் செய்ததைப் பற்றி எழுதியதைவிட அவர் எடையைப் பற்றி எழுதியதே அதிகம்.

இனி இந்த உரையில் நாம் அதிகம் தங்க விரும்பும் இடம். 1984இல் யு.டி.எஃப்.ஓ. என்ற குழு ‘ரொக்சான், ரொக்சான்’ என்று ஒரு பாட்டு வெளியிட்டது. தெருவில் புதிதாக வந்த பெண்ணை மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக மயக்கப் பார்க்கிறார்கள், அவள் மசியவில்லை. ஆண்களின் வீறாப்பு உடைவதும் அவளுடைய ‘திமிர்’ பேசப்படுவதும்தான் நகைச்சுவை. தட்டின் பின்பக்கத்தில் வந்த பாட்டு இது, முன்பக்கத்தை விழுங்கிவிட்டது. குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் லொலிட்டா ஷாண்டே கூடன் என்ற 14 வயதுச் சிறுமி, அதே குடியிருப்பைச் சேர்ந்த மார்லி மார்ல் என்ற தயாரிப்பாளரின் வீட்டில், அந்த ரொக்சான் நான்தான் என்று சொல்லி எசப்பாட்டு பாடினாள். பெரும்பகுதி நின்ற நிலையில் கட்டியது. துணி துவைக்கப் போகிற வழியில் பாடிவிட்டுப் போனதாகச் சொல்வார்கள். ‘ரொக்சான்ஸ் ரிவெஞ்ச்’ என்ற அந்தப் பாட்டில் மூன்று ஆண்களையும் தனித்தனியாக எடுத்துக் கலாய்க்கிறாள். டஜன்ஸ் விளையாட்டின் அத்தனை விதியும் அவளுக்கு அத்துப்படி.

பிறகு வந்தது வெள்ளம். யு.டி.எஃப்.ஓ. தரப்பே வேறொரு பெண்ணை ‘அசல் ரொக்சான்’ என்று கொண்டுவந்தது. ரொக்சானின் பெற்றோர், ரொக்சானின் மருத்துவர் என்று பத்துக்கணக்கில் எசப்பாட்டுத் தட்டுகள். யார் வேண்டுமானாலும் ஒரு தாளத்தின்மேல் ஏறி பதில் சொல்லலாம் என்ற நிலை. இதைச் சந்தைப் பைத்தியம் என்று எழுதியவர்கள் உண்டு, சந்தை அதில் இருந்தது உண்மைதான். ஆனால் பேசப்படுகிற பொருளாக இருந்த பெண், பேசுகிற ஆளாக மாறினாள். அவளைப் பற்றிய நகைச்சுவைக்குள்ளேயே நுழைந்து, அதன் சொற்களையே எடுத்து மாற்றினாள். தன்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னால், ஆமாம், உங்களுக்கு அந்த அளவுக்குத் தகுதி இல்லை என்று திருப்புகிறாள். நம் ஊர்களில் ‘வாயாடி’ என்று பெயர் வாங்கிய பெண்களை நினைத்துக்கொள்ளலாம். 1985இல் நியூயார்க்கில் நடந்த ஒரு பெரிய போட்டியில் இறுதிச் சுற்றுவரை போன அவர், பெண் என்பதால் தன் மதிப்பெண் குறைக்கப்பட்டது என்று பின்னாளில் சொன்னார். சிரிக்க வைக்கிற பெண்ணுக்குக் கைதட்டுவார்கள், பட்டம் கொடுக்க மாட்டார்கள்.

சிரிப்பு எதையும் மன்னித்துவிடுமா என்ற கேள்வி 1990இல் நீதிமன்றத்துக்கே போனது. மயாமியின் 2 லைவ் குரூ குழுவின் தட்டை ஃபுளோரிடாவில் ஒரு கூட்டாட்சி நீதிபதி ஆபாசம் என்று தீர்ப்பளித்தார். அந்தப் பாட்டுகளை மேடையில் பாடியதற்காகக் குழுவினர் கைதாகி அக்டோபரில் விசாரணை நடந்தது. பாடல்களின் ஒலிப்பதிவு நீதிமன்றத்தில் ஓடியது. ஜூரிகள் நீதிபதிக்கு ஒரு சீட்டு அனுப்பினார்கள்: சிரிப்பை அடக்க முடியவில்லை, சிரிக்க அனுமதி உண்டா? நீதிபதி அனுமதித்தார். பிக்மீட் மார்க்கம் அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் இதைவிட நல்ல காட்சியை அவரால் எழுதியிருக்க முடியாது. அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் சாட்சி சொல்ல வந்தார். இது கறுப்பின மரபின் பகடி, வெள்ளையர் கறுப்பு ஆணைப் பற்றி வைத்திருக்கும் காமப் பிம்பத்தை ஊதிப் பெருக்கி உடைப்பது என்றார். குழுவினர் விடுதலையானார்கள். இதே குழு, பழைய ‘பிரிட்டி வுமன்’ பாட்டைக் கேலி செய்து பாடியது தொடர்பான வழக்கில், பகடியும் நியாயமான பயன்பாடாகலாம் என்று 1994இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

ஆனால் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் எழுதிய கட்டுரையை நம் மாணவத் தோழர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். கறுப்பர் என்பதால்தான் இந்தக் குழு குறிவைக்கப்பட்டது, அது நிறவெறி என்கிறார். அதோடு நிறுத்தவில்லை. பகடி, மரபு என்ற பெயரில் கறுப்பினப் பெண்களின் உடம்பைச் சிதைத்துச் சிரிப்பதை அந்த வாதம் மூடி மறைக்கிறது என்றும் சொல்கிறார். வெள்ளையர் பிம்பத்தை உடைப்பதாகச் சொல்லும் அந்தச் சிரிப்புக்கு விலை கொடுப்பது யார் என்று கேட்கிறார். இரண்டையும் ஒரே நேரத்தில் சொல்வது கடினம், நம் இயக்க மேடைகளில் இன்னும் கடினம். கேட்ஸின் சாட்சியம் தேவைப்பட்ட இடம் நீதிமன்றம். கிரென்ஷாவின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடம் சமூகத்துக்குள். லபோவ் சொன்ன விதியை இங்கே வைத்துப் பார்க்கலாம். டஜன்ஸில் எதிராளி அங்கேயே நிற்கிறான், அடுத்த முறை அவனுடையது. ரொக்சானுக்கு அடுத்த முறை கிடைத்தது, அவள் எடுத்துக்கொண்டாள். 2 லைவ் குரூ பாட்டுகளில் வரும் பெண்களுக்கு அது கிடைக்கவில்லை.

பிஸ் மார்க்கி பற்றி இரண்டு வரி. மூக்கு நோண்டுவதைப் பற்றிப் பாட்டுக் கட்டியவர். ‘ஜஸ்ட் எ ஃபிரெண்ட்’ என்ற பாட்டில் சுருதி பிசகிய தொண்டையோடு பாடிப் பொதுத் தரவரிசையில் ஒன்பதாம் இடம் பிடித்தவர். 1991இல் பழைய பாட்டொன்றின் துண்டை அனுமதியின்றிப் பயன்படுத்தினார் என்ற வழக்கில் நீதிபதி அவரைத் திருடராகவே நடத்தி, குற்ற வழக்குக்கும் பரிந்துரைத்தார். அதன்பின் துண்டுகளை எடுத்தாள்வது பணக்கார நிறுவனங்களுக்கே கட்டுப்படியாகும் வேலையாயிற்று. 1993இல் வந்த அடுத்த தட்டுக்கு மார்க்கி வைத்த பெயர் ‘ஆல் சாம்பிள்ஸ் கிளியர்டு’, அதாவது எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கியாயிற்று. காஸின் வரிகளை எடுத்தவர்கள்மேல் எந்த நீதிபதியும் இப்படிப் பாயவில்லை.

இப்போது நம் பக்கம். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ முதல் மேடையேறியபோது கானாவும் ராப்பும் பறையும் ஒன்றாக நின்றன. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் அவர்கள் பாடியவற்றில் எள்ளல் எவ்வளவு இருந்தது என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். பிராங்ஸின் விருந்துக் கேலிக்கும் வடசென்னைக் கானாவின் நையாண்டிக்கும் அந்த மேடையில் உறவு ஏற்பட்டது. ஆனால் அதைப் பற்றி வந்த கட்டுரைகள் பெரும்பாலும் எதிர்ப்பு, கோபம் என்ற சொற்களிலேயே நின்றுவிட்டன.

நம் மன்றத் தோழர்கள் சில ஆண்டுகளாகச் சாவு வீடுகளிலும் திருவிழாக்களிலும் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருக்கும் பாட்டுகளை நூலாக்கும் வேலை நடக்கிறது. அதில் ஒரு விவாதம் ஓடுகிறது. போராட்டப் பாட்டுகளை மட்டும் அச்சிடுவோம், சிரிப்புப் பாட்டுகளைப் போட்டால் வெளியார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்கிறார்கள் மூத்த தோழர்கள் சிலர். அவர்கள் பயம் ஜிம் குரோவைப் போலவே நிஜமானது. குடிகாரனாக, கோமாளியாக மட்டுமே நம்மைத் திரையில் பார்த்துப் பழகிய வாசகர் கையில் இந்தப் பாட்டு போகும்போது என்ன ஆகும் என்பதை அவர்கள் அனுபவத்திலிருந்து சொல்கிறார்கள். இளைய தோழர்கள், குறிப்பாகப் பெண் தோழர்கள், வேறொன்றைச் சொல்கிறார்கள்: சிரிப்புப் பாட்டு என்றால் எல்லாவற்றையும் போட முடியாது, சிலவற்றில் சிரிப்பு முழுக்க எங்கள் மேல்தான்.

நாம் முன்வைக்கும் யோசனை இது. சிரிப்புப் பாட்டுக்குத் தனிப் பகுதி வேண்டாம். தனிப் பகுதி என்றால் அது விநோத அலமாரி. சாவுப் பாட்டுக்கும் போராட்டப் பாட்டுக்கும் நடுவே, பாடப்பட்ட வரிசையிலேயே அவை வரட்டும். ஒவ்வொரு பாட்டுக்கும் கீழே யார் பாடியது, எந்த இடத்தில், எதிரே யார் இருந்தார்கள், யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை, எசப்பாட்டு யாராவது எடுத்தார்களா என்ற குறிப்பு இருக்க வேண்டும். பாடியவர் பெயர் விடுபடக் கூடாது. மெட்டு இன்னாருடையது என்று அவர் சொல்லியிருந்தால் அந்தப் பெயரும் வேண்டும். எழுத்தாக்கம் செய்யும்போது ‘சிரிப்பு’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகரும் வழக்கம் இருக்கிறது. அந்த இடத்தில் சிரித்தது பாடகரா, கூட்டமா, பெண்கள் பக்கமா என்று கேட்டு எழுத வேண்டும். பதிவுகள் ஏராளம், கேட்டு எழுத ஆட்கள் குறைவு. சமூகவியல், நாட்டார் வழக்காற்றியல் படிக்கும் தோழர்கள் ஆளுக்குப் பத்துப் பாட்டு எடுத்துக்கொண்டால் வேலை நகரும். கேட்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் தோழர்களிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகவும்.